உங்களுக்குத் தெரியுமா? மாரியில் தீவாகும் வெல்லாவெளி

◆ மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வெல்லாவெளி, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கும் ஊர். நிலத்தோடு ஒட்டிய ஊர்தான். ஆனால் வடகீழ்ப் பருவமழை கொட்டினால் மண்டூர் வீதியை வெள்ளம் மூடிவிடும். அந்த நாட்களில் உழவு இயந்திரமும் தோணியுமே துணை.

◆ வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குப் போகக் களுவாஞ்சிகுடிப் பக்கம் பட்டிருப்புப் பாலம் இருக்கிறது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் நெடுங்காலம் ஏற்றி இறக்கியது 'பாதை' எனப்படும் மிதவை.

◆ சதுப்பில் வளரும் பன்புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்தெடுப்பார்கள். பிறகு தறியே இல்லாமல், நிலத்தில் குந்தியிருந்து கையாலேயே பாய் இழைப்பார்கள். மட்டக்களப்புப் பெண்களின் பழைய கைவேலை இது.

◆ ஆழமில்லாத நீரில் மீன் பிடிக்கக் கரப்பு போதும். குச்சிகளை வரிந்து கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடு அது. மீனின் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிப்பார்கள்.

◆ வடமோடிக் கூத்தில் அரசனாக வருபவர் அணிவது கரப்புடுப்பு. இடுப்பிலிருந்து கூடுபோல் விரிந்து நிற்கும் அதன் பாரத்தோடு, தலையில் கிரீடமும் தாங்கி, வட்டக்களரியில் மத்தள அடிக்கு ஆட வேண்டும். கூத்தின் மற்றொரு வகையான தென்மோடியில் உடை இலேசானது.

◆ வாவியின் பெயர்பெற்ற தீவு புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் அங்கே கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், அது ஒல்லாந்தர் வசமானது.