பூனைக்கும் சிக்கு எடுக்கணும்!

நக்கி நக்கியே சுத்தமா இருக்கிற பூனைக்கு நாம எதுக்குத் தலைவாரணும்னு கேட்கிறீங்களா? நம்ம உப்பளத்துத் தெருப்பூனைகளுக்குத் தேவையில்லை. அதுக்கெல்லாம் முடி குட்டை. ஆனால் பெர்ஷியன் மாதிரி நீளமுடிப் பூனை வெளியில் சுற்றினால் கட்டாயம் தேவை.

பூனையின் நாக்கில் கொக்கி போன்ற முட்கள் உண்டு. அதுதான் அதன் சீப்பு. 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், பெர்ஷியன் பூனையின் நீள முடிக்குள் அந்த முள் தோல்வரை எட்டுவதில்லை என்று கண்டார்கள். அதனால் உதிர்ந்த முடி உள்ளேயே தங்கிப் பின்னிக்கொள்கிறது. நாயுருவி விதை ஒட்டினால் சிக்கு பெருக்கும். மழையில் நனைந்தால் கம்பளி மாதிரி இறுகும்.

எங்க தெருவில் யாரோ விட்டுட்டுப் போன வெள்ளைப் பூனை ஒன்று திரிகிறது. "சொறிப்பூனை" என்று சொல்லிக் கல்லெறிகிறார்கள். அது சொறி இல்லை, சிக்கு! அது நடக்கும்போதெல்லாம் தோல் இழுபடும். நம்ம சடையை ஒருத்தர் நாள் முழுக்க இழுத்தால் நாமும் சீறத்தானே செய்வோம்?

சிக்கு விழும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, வயிறு, தொடை.

செய்ய வேண்டியவை:
1. பூனை சாப்பிட்டுச் சொக்கியிருக்கும்போது தொடங்கவும். பெரியவர் ஒருவர் கூட இருக்கணும்.
2. சிக்கின்மேல் சோளமாவு தூவி விரலால் பிரிக்கவும்.
3. தோலை ஒட்டி முடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவவும். அம்மா நமக்குச் சிக்கெடுப்பாங்களே, அப்படி!
4. ஒரு நாளைக்கு ஒரு சிக்கு போதும். வாலை வீசி அடித்தால் விட்டுடுங்க.

செய்யக் கூடாதவை:
1. கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனைத்தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து எழும்பும். முடின்னு நினைச்சுத் தோலை வெட்டிடுவோம்.
2. சிக்கோடு குளிப்பாட்டாதீங்க. இன்னும் இறுகும்.
3. மண்ணெண்ணெய் தடவாதீங்க. பூனை நக்கும், அது விஷம்.

சிக்கு பெரிய கட்டியாகி, அடியில் புண்ணோ கெட்ட வாடையோ இருந்தால் நாம் தொடவே கூடாது. கால்நடை மருத்துவர் மிஷினால் மழிக்கணும். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்.

வெள்ளைப் பூனைக்குக் காதுக்குப் பின்னால் இரண்டு சிக்கு எடுத்தாச்சு. வயிற்றுச் சிக்கு பாக்கி. ஐப்பசி மழைக்குள் எடுக்கணும். ஈரம் தங்கினால் அடியில் புண் வரும், புழு வைக்கும். கல்லடி பட்ட பூனை கைக்குக் கிட்டவே வராது. அதனால் நண்பர்களே, சீப்பு எடுக்க முடியலைன்னாலும் பரவாயில்லை, கல் மட்டும் எடுக்காதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி