சக்கர வீடுகளில் மகளிர்

வீடு நிற்பது, வண்டி ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, உள்ளே அடுப்பும் படுக்கையும் குளிர்ப்பெட்டியும் அமைத்துவிட்டால் அதற்கு அமெரிக்காவில் ஆர்.வி. என்று பெயர். பேருந்து அளவில் பெரியனவும் உண்டு. பழைய வேனுக்குள் பலகை அடித்துப் படுக்கை போட்டுக்கொண்டனவும் உண்டு. இவ்வண்டிகளில் தனித்துப் பயணம் செய்யும் மகளிர் ஓரிடத்தில் கூடிச் சில நாள் தங்கிப் பேசும் வழக்கம் அந்நாட்டில் இருக்கிறது. அத்தகைய கூட்டம் ஒன்றை 2024 சனவரியில் நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸ்சைட் என்னும் சிற்றூரை அடுத்த பாலைவெளி அது. ஃபீனிக்ஸ் நகரில் வாழும் என் அத்தை வாடகைக்கு ஒரு வேன் எடுத்து என்னை அழைத்துச் சென்றார். அவ்வூரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி நடுவண் அரசுக்கு உரியது; பல இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். குளிர்காலத்தில் பகல் வெயில் இதமானது. ஆதலின் சனவரித் திங்களில் ஆயிரக்கணக்கான வண்டிகள் அங்கே வந்து சேர்கின்றன.

மகளிர் இவ்வாறு கூடுவது புதிதன்று. ‘ஆர்விங் விமன்’ என்னும் சங்கம் 1991இலேயே தோன்றியது. பாப் வெல்ஸ் என்பவர் தொடங்கிய வண்டிவாழ்நர் கூட்டத்தையொட்டி, 2018இல் குவார்ட்ஸ்சைட்டில் மகளிர்க்கெனத் தனிக் கூட்டமும் நடந்தது. நாங்கள் சென்றது அத்துணைப் பெயர் பெற்றதன்று. முப்பது நாற்பது வண்டிகள் வட்டமாக நின்ற சிறு கூட்டம்.

வந்தவர் எல்லோரும் உல்லாசப் பயணிகள் அல்லர். ஓய்வூதியம் வீட்டு வாடகைக்கே போதாமல் வேனுக்குக் குடிபெயர்ந்தவரும் அங்கே இருந்தனர். ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமட்லாண்ட்’ என்னும் நூல் இத்தகையோரைப் பற்றியதே. சாலை சிலர்க்கு விருப்பம். சிலர்க்கு வேறு வழியின்மை. ஆனால் இருதிறத்தாரும் காலையில் ஒரே வட்டத்தில் அமர்ந்து ஒரே கணக்கைக் கற்றனர்.

அக்கணக்கைச் சற்றே பார்ப்போம். 12 வோல்ட் மின்கலம் 100 ஆம்பியர்-மணி கொள்ளுமாயின், அதன் ஆற்றல் 1,200 வாட்-மணி. ஈய மின்கலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். எஞ்சுவது 600. சிறு குளிர்ப்பெட்டி 45 வாட் இழுத்து, நாளில் பாதி நேரம் ஓடினால் 540 செலவு. விளக்குக்கும் கைபேசிக்கும் 60தான் மிச்சம். கூரையிலுள்ள 100 வாட் சூரியத் தகடோ, குளிர்கால வெயிலில் நாளொன்றுக்கு 400 தந்தால் பெரிது. வரவு 400, செலவு 600. ஆகவே இன்னொரு தகடு வேண்டும். இல்லையேல் குளிர்ப்பெட்டியைத் துறக்க வேண்டும். குளிர்காலக் கதிரவன் தெற்கே தாழ்ந்து செல்வதால், தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்தால் வரவு கூடும்.

எரிவாயு அடுப்புக்கும் பாடம் உண்டு. காற்றோட்டமற்ற வண்டியில் எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொள்ளும். ஆதலின் சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும், அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை மாட்டுவதும் கட்டாயம் என்றனர்.

மூன்றாம் நாள், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் தம் மின்கலத்தை மாற்ற முனைந்தார். “என் மருமகள் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள்” என்று அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டார். ஸ்பானர் என் கைக்கு வந்தது. நான் நேரே சிவப்பு முனையில் வைக்கப் போனேன். அம்மையார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கறுப்புத்தான் முதலில், பெண்ணே. ஏன் என்று சொல், பார்ப்போம்.”

சிறிது யோசித்துச் சொன்னேன். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் கறுப்பாகிய எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பானர் தவறிச் சட்டத்தைத் தொட்டால் மின்சுற்று முழுமையாகிவிடும். ஸ்பானரின் மின்தடை மிகச் சிறிது, ஓமின் விதிப்படி நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், பொறி பறக்கும், கை வெந்துபோகும். எதிர்முனையை முன்னரே எடுத்துவிட்டால், மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியே இல்லை. திரும்ப மாட்டும்போது வரிசை மாறும்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில்.

அவர் சிரித்தார். “வரிசை எனக்குப் பன்னிரண்டு ஆண்டாகத் தெரியும். காரணம் இன்றுதான் தெரிந்தது.”

எனக்கோ காரணம் தெரியும், வரிசை தெரியாது. ஓமின் விதியை எத்தனையோ தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஊரில் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் அம்மா கூப்பிடுவது தம்பியை. அவன் படிப்பது வணிகவியல். நானும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

மகளிர்க்கு மட்டும் ஏன் கூட்டம் என்று அவரிடம் கேட்டேன். “கடையில் போய் இதைக் கேட்டால், உன் கணவரை அழைத்து வா என்பார்கள். இங்கே ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாலும் யாரும் நகைப்பதில்லை” என்றார்.

நமக்கு ஆர்.வி. வேண்டியதில்லை. ஆனால் அந்த வட்டம் வேண்டும். நம் தமிழ் மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், ஃபியூஸ் கட்டவும் பிளக் மாற்றவும் மின்கலம் கழற்றவும் தோழியர்க்கு நானே சொல்லித் தருவேன். ஸ்பானரும் டெஸ்டரும் வாங்கி வைத்திருக்கிறேன்.