சலங்கையைத் திருப்பிப் பாருங்கள்!

விருத்தாசலம் என்றதும் பீங்கான்தான் நினைவுக்கு வரும். ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று சூளையில் வெந்து வரும் சாமான்களால் பேர் வாங்கிய ஊர். ஆனால் பழமலைநாதர் கோயில் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கோபுர வாசலில் அண்ணாந்தபடியே நுழையுங்கள் (எதிரே வருபவர் மீது இடித்துக்கொள்ளாமல்). நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள் என்னும் ஆட்ட அசைவுகள் கல்லில் ஆடிக்கொண்டிருக்கும்! தஞ்சை, சிதம்பரம், திருவண்ணாமலை, கும்பகோணம் சாரங்கபாணி கோயில் ஆகியவற்றோடு கரணச் சிற்பங்களுக்குப் பேர்போன ஐந்து கோயில்களில் இதுவும் ஒன்று. தஞ்சையில்கூட 108 கரணங்களில் 81 தான் செதுக்கினார்கள். மீதி 27 கல்லும் இன்றுவரை மொட்டையாகத்தான் நிற்கின்றன.

ஆட்டத்தைப் பார்த்தால் கண் தானாகக் காலுக்குப் போகிறது. பக்கத்துச் சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரிக்கு நடக்கும் நாட்டியாஞ்சலியில் எத்தனை ஜோடி சலங்கை குலுங்கியிருக்கும்! அத்தனை பேரும் பார்த்தது சலங்கையின் முன்பக்கத்தை. எனக்கு ஆசை பின்பக்கத்தின் மீது. சலங்கைப் பட்டையின் தோலில் இந்த மணி எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஆணியா, பசையா, தையலா?

மூன்றும் இல்லை! ஒவ்வொரு மணியின் தலையிலும் ஒரு குட்டி வளையம் இருக்கிறது, அதன் காது. கணுக்காலைச் சுற்றி வளையும் அளவுக்குத் தோலை வெட்டி, வரிசை வரிசையாகக் கோடு போட்டு, கோட்டின் மேல் ஓட்டை குத்துகிறார்கள். காது மட்டும் நுழைய வேண்டும். மணியின் உடம்பு வெளியே நிற்க வேண்டும். காது பின்பக்கம் எட்டிப் பார்த்ததும், அந்த வரிசையின் எல்லாக் காதுகளிலும் ஒரே கயிற்றை ஊசி கோப்பதுபோல் இழுத்துவிட்டு, இரண்டு முனையிலும் முடிச்சு. அவ்வளவுதான். அந்த வரிசையில் ஒரு மணியும் இனி எங்கும் போகாது. அதன் மேல் மெல்லிய தோலோ வெல்வெட்டோ வைத்து மூடித் தைத்துவிடுவதால் கயிறும் காதும் கணுக்காலை உறுத்துவதில்லை, நம் கண்ணுக்கும் தெரிவதில்லை. கடைசியாக வாரும் பக்கிளும்.

இதில் சூட்சுமம் முழுக்க அந்தக் கயிற்றில். பருமன் கூடினால் காதை இறுக்கிப் பிடித்து மணியைத் தோலோடு அழுத்திவிடும். ஜல் என்று வர வேண்டிய சத்தம் டக் என்று செத்துப்போகும். மெலிந்தால் மணி தொளதொளவென்று ஆடும், பக்கத்து மணியை முட்டும், நர்த்தகி நின்ற பிறகும் கால் பேசிக்கொண்டே இருக்கும். தட்டடவில் ஒரு தட்டுக்கு ஒரு ஜல்தான் கேட்க வேண்டும், மிச்சம் மீதி கூடாது. நட்டுவனார் தாளத்துக்கு வைக்கும் காதை, பட்டறைக்காரர் கயிற்றுக்கு வைக்கிறார் என்றே சொல்வேன்.

பழைய முறையில் தோலே கிடையாது. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் வெண்கல மணிகளை நீல நூலில் முடிச்சிட்டுக் கோக்கச் சொல்கிறது. கதக் ஆடுபவர்கள் இன்றும் ஒரு காலுக்கு நூறுக்கு மேற்பட்ட மணிகளைக் கயிற்றில் கோத்துக் கணுக்காலில் சுற்றிக்கொள்கிறார்கள். பரதத்தில் தோல் பட்டை வந்ததில் ஒரு வசதி: மூன்று வரிசையோ ஐந்து வரிசையோ, பக்கிளைப் போட்டால் தயார். அரங்கேற்றத்துக்கு முன் அதே தோலைப் பூஜையில் வைத்து, குரு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தோல் போர்த்திய மிருதங்கத்தையே தொட்டுக் கும்பிடும் ஊரில் இதில் ஆச்சரியமும் இல்லை.

இப்போது மணிக்கு வருவோம். இங்கேதான் விருத்தாசலத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் மணியின் வயிற்றிலும் முதலில் இருந்தது மண்தான்! வார்ப்பு மணிக்கு முதலில் ஓர் இரும்புக் குண்டைச் சுற்றி மண் உருண்டை பிடிக்கிறார்கள். அதைச் சுற்றி உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் கீழ்ப் பிளவு வழியாக மண்ணைக் குத்திக் குத்தி உதிர்த்துவிடுகிறார்கள். மண் போய்விடும், குண்டு மட்டும் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அதுதான் நமக்குக் கேட்கும் ஜல். உத்தரப்பிரதேசத்தின் ஜலேசர் இந்தப் பித்தளை மணிகளுக்கே பேர்போன ஊர். தகட்டை அச்சில் அழுத்திச் செய்யும் மலிவு மணிகளும் கடையில் உண்டு. கையில் எடுத்தால் காற்றாக இருக்கும், சத்தமும் சவசவ.

அமெரிக்க மாடு மேய்ப்பவர்களின் தொப்பிப் பட்டையில் வெள்ளி வில்லைகள் மின்னுமே, அதையும் திருப்பிப் பார்த்தால் இதே கதைதான். அங்குள்ள நவஹோ பழங்குடி வெள்ளிக் கம்மியர்கள் ஆரம்பத்தில் வில்லையின் நடுவிலேயே துளை விட்டுத் தோல் வாரைக் கோத்தார்கள். பிறகு பின்னால் ஒரு செப்பு வளையத்தைப் பற்றவைத்து, வாரை அதில் நுழைத்தார்கள். முன்பக்கம் முழுக்க அலங்காரத்துக்கு மிச்சம்! நம் சலங்கையின் காதுக்கும் அந்த வளையத்துக்கும் வேலை ஒன்றேதான்.

தோலும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. தோலில் ஊறிய எண்ணெய்ப் பசையும் ஆடுபவரின் வியர்வையும் காதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். கயிறும் அந்த இடத்தில்தான் இற்றுப்போகும். ஒரே கயிற்றில் ஒரு வரிசை என்பதால் அது அறுந்தால் ஒரு மணியோடு நிற்காது. தில்லானா நடுவே மேடையெங்கும் பித்தளை உருளும். நல்ல பட்டறைகளில் சில காதுகளுக்கு ஒருமுறை கயிற்றில் முடிச்சு போட்டுக்கொண்டே போவது இதற்காகத்தான்.

ஆகவே மகளுக்குச் சலங்கை வாங்கப் போனால் முதலில் குலுக்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு மணியையும் இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசாகத் திரும்ப வேண்டும், தோலை விட்டு எழும்பக் கூடாது. அப்புறம் பட்டையைக் கவிழ்த்து, மூடிய தோலின் மேல் கட்டை விரலால் தடவினால் உள்ளே கயிறு ஓடுவதும் முடிச்சும் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கடைக்காரரைத் தயங்காமல் கேளுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.