மாலையைக் கழற்றிய பிறகும் துணை வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பல வீடுகளுக்குத் தெரிந்த கதை இது. கார்த்திகையில் மாலை போட்டவர் குடியைத் தொடமாட்டார். ரம்ஜான் நோன்பிலும் தவக்காலத்திலும் அப்படியே விட்டவர்கள் உண்டு. “நெனச்சா விட்டுடுவாரு” என்று வீட்டில் நம்பிக்கை பிறக்கும். மாலை கழன்ற வாரமே கூலிப் பணம் டாஸ்மாக்கில் கரையும்.

அந்த நாட்களில் அவரைக் காத்தது மன உறுதி மட்டுமல்ல. கூடவே பஜனைக்கு வந்த சாமிமார்கள் இருந்தார்கள். அதிகாலைச் சஹர் உணவுக்கு எழுப்பிவிட ஒரு வீடு இருந்தது. விரதம் முடிந்ததும் அந்தத் துணை கலைந்துவிட்டது. குடியிலிருந்து மீள நினைப்பவருக்கு ஆண்டு முழுவதும் கலையாத துணை வேண்டும்.

குடி ஒரு நோய்

டேனரியில் நாள் முழுக்க ஈரத்தோல் சுமந்த உடம்பின் வலிக்கும் அதன் நாற்றத்துக்கும் மருந்தாகத்தான் பலருக்குக் குடி பழக்கமாகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதன்பின் குடிக்காமல் இருந்தால் கை நடுங்கும், தூக்கம் வராது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, இந்தியாவில் 5.7 கோடிக்கும் அதிகமானோருக்குக் குடிப் பிரச்சினைக்கு உதவி தேவை. மதுவால் வரும் மனநலச் சிக்கல்களை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோய்க் கணக்கில்தான் சேர்க்கிறது. வசவும் அடியும் எந்த நோய்க்கும் மருந்தல்ல.

முதலில் மருத்துவர்

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் உடல் உதறி, நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலாதீர்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்பட வேண்டியவை.

நம் பகுதியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 1957இல் தொடங்கிய பாகாயம் மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று.

பெயர் கேட்காத கூட்டம்

மருத்துவமனை உடம்பைத் தேற்றி அனுப்பும். திரும்பி வருவதோ அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம். அங்கேதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ., தேவைப்படுகிறது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் பிறந்த அமைப்பு இது. 1957இல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது.

கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடித்து மீண்டவர் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க என்ற பேச்சு அங்கே இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம், அவ்வளவுதான். மனம் தடுமாறும் இரவில் போன் செய்ய, முன்பே மீண்ட ஒருவர் ‘ஸ்பான்சராக’ இருப்பார். 10,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க இவ்வழி மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்கிறது.

“யாராச்சும் பாத்துட்டா?”

சிறு ஊரில் இந்தப் பயம் நியாயமானது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகுமோ, ஜமாஅத்தில் பேசுவார்களோ, மகளின் சம்பந்தம் தட்டுமோ என்று மனம் அஞ்சும். அதற்கு எளிய வழி உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. சொந்த ஊரில் தயக்கம் என்றால் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது உறுப்பினர்கள் காக்கும் மரபு.

தேடுவது எப்படி?

• போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.
• மருத்துவமனையின் மனநலப் பிரிவுச் சமூகப் பணியாளரிடம், “பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்தக் கிழமை?” என்று கேளுங்கள்.
• ஒரே கூட்டத்தோடு முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து முறை போய்ப் பாருங்கள்.
• தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டபின் சேருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வட்டம்

ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உழைத்துவிட்டு, இரவில் கணவனுக்காக வாசலைப் பார்த்து உட்காரும் பெண்ணுக்கும் இந்த நோய் பாரம்தான். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கியது ‘அல்-அனான்’. கணவர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் அதற்குப் போகலாம். 14446க்கும் அவரே பேசலாம்.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று ஒதுங்க வேண்டாம். சர்க்கரை நோயில் அளவு ஏறினால் மருத்துவரிடம் திரும்பப் போகிறோம் அல்லவா? அதேபோல் அடுத்த கூட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படி விழுந்து எழுந்து வந்தவர்கள்தான்.