நூறு கிலோ கல்லில் நாற்பத்து நான்கு கிலோ வாயு

ஆலங்குளம் என்றால் பலருக்கும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஊர். ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது. 'சிமெண்ட் பேக்டரி ஆலங்குளம்' என்று சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழ்நாடு அரசு 1970-ல் இங்கே சிமெண்ட் ஆலை தொடங்கியது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட் கழகம், அதாவது டான்செம், உருவானதும் ஆலை அதன் கைக்கு வந்தது.

எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கணிப்பை நம்பித்தான் அந்த ஆலை எழுந்தது. அன்று சிமெண்ட் கட்டுப்பாட்டுப் பொருள். வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தத் தட்டுப்பாடு லேசில் தீராது, அரசே உற்பத்தியில் இறங்கியாக வேண்டும் என்று கணித்தார்கள். கரிசல் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. அரியலூரில் கிடைப்பது பழைய கடலின் சங்கும் சிப்பியும் படிந்து உருவான கல். விருதுநகர், மதுரை, நெல்லைச் சீமையில் கிடைப்பதோ பூமிக்குள் வெந்து இறுகிப் படிகமான, அதைவிடப் பலமடங்கு மூத்த கல். இரண்டும் வேதியியலில் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட்.

கல்லைப் பற்றிய கணிப்பு பலித்தது. காலத்தைப் பற்றிய கணிப்பு பலிக்கவில்லை. 1982-ல் சிமெண்ட் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-ல் முழுக்க நீங்கியது. தனியார் ஆலைகள் பெருகின. அதற்குள் தொழில்நுட்பமும் மாறிவிட்டது. ஆலங்குளம் தொடங்கியது ஈர முறையில். கல்லையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கிச் சூளைக்குள் விடுவார்கள். கூழில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை ஆவியாக்கவே நிலக்கரி கணக்கில்லாமல் எரியும். 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் உலகம் முழுக்க உலர் முறைக்குத் தாவியது. மூன்றாண்டு முன்பு நவீனமாக இருந்தது பழசாகிவிட்டது.

அதே வளாகத்தில் பிறகு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் தயாரிக்கும் பிரிவும் வந்தது. ஓலைக்குப் பதில், தீப்பிடிக்காத, மலிவான, ஏழைக்கும் எட்டும் கூரை என்று அந்த ஷீட்டை இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் கொண்டாடினார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன.

'2050-ல் உலகம்' என்ற தலைப்பில் வரும் பட்டியல்களைப் படிக்கும்போது ஆலங்குளத்தின் கதையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்காக எதிர்காலத்தைக் கணிப்பதே வீண் என்று சொல்லவில்லை. மனிதர் என்ன வாங்குவார்கள், விலை எங்கே போகும், எந்த இயந்திரம் ஜெயிக்கும் என்று சொல்கிற கணிப்புகள் ஆட்டம் காணும். இயற்கை விதியின் மேல் நிற்கும் கணிப்பு லேசில் அசையாது.

1896-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று எழுதினார். அந்த இயற்பியல் இன்றும் நிற்கிறது. நிலக்கரி எரிகிற வேகத்தில்தான் அவர் காலம் தவறியது. அந்த வாயு கணிசமாகக் கூட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றே அன்று நினைத்தார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. குளிர் நாட்டுக்காரரான அரீனியஸ் அந்த வெப்பத்தை வரவேற்கவும் செய்தார். கரிசல் காட்டில் சித்திரை வெயிலில் நின்றவர் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

சிமெண்டிலும் அப்படி அசையாத எண் ஒன்று உண்டு: 44. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மிச்சம் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். கல்லுக்குள் அந்த வாயு இருப்பதைப் பார்க்க ஆலைக்குப் போக வேண்டாம். சுண்ணாம்புக்கல் ஒன்றை நன்றாகப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரை பொங்கும். அந்தக் குமிழிகளில் இருப்பது அதே வாயுதான். ஆலையில் அமிலத்துக்குப் பதில் நெருப்பு, அவ்வளவே வித்தியாசம். நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரத்தில் சூளையை எரித்தாலும் இந்த 44 கிலோ வெளியேறியே தீரும்.

சூளையின் உள்ளே 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடு போகும். சுண்ணாம்பும் களிமண்ணும் கூடி, கரும்பச்சை கலந்த சாம்பல் நிற உருண்டைகளாக வெளியே விழும். கோலிக்குண்டு அளவிலும் இருக்கும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். இதுதான் கிளிங்கர். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அதை அரைத்தால் சாதா போர்ட்லண்ட் சிமெண்ட். ஒரு 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால், கல்லிலிருந்து மட்டும் சுமார் 24 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கும். எரிபொருளின் கணக்கு தனி. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. நாம் இன்னும் கட்ட வேண்டிய வீடுகளும் பாலங்களும் ஆஸ்பத்திரிகளும் ஏராளம். கட்டாதே என்று ஓட்டு வீட்டுக்காரரிடம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே நாளைய சிமெண்டைப் பற்றிய எந்த ஆருடத்தையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். அந்த 44-ஐ என்ன செய்யப்போகிறார்கள்?

முதலில் முப்பரிமாண அச்சு வீடுகளை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் த்வஸ்தா என்ற நிறுவனம் 600 சதுர அடி வீடு ஒன்றை இயந்திரத்தால் அச்சிட்டுக் காட்டியது. 2023-ல் பெங்களூருவில் ஒரு அஞ்சலகம் அப்படியே எழும்பியது. நூற்றாண்டுக்கு முன்பே தாமஸ் எடிசன் இப்படி ஒரு கனவு கண்டார். சொந்தமாகச் சிமெண்ட் கம்பெனி நடத்தியவர் அவர். இரும்பு அச்சுக்குள் ஒரே மூச்சில் கான்கிரீட்டை ஊற்றி முழு வீட்டையும் எடுத்துவிடலாம், மேசை நாற்காலிகூடக் கான்கிரீட்டில் வரும் என்று சொன்னார். நியூஜெர்சியில் சில வீடுகள் எழுந்தன, அத்தோடு நின்றது. இன்றைய அச்சு வீடு எடிசன் முறையைவிடப் பல மடங்கு நேர்த்தியானது. வெள்ளம், நிலநடுக்கம் வந்த இடங்களில் பெரிய உதவியாகவும் இருக்கும். ஆனால் குழாயிலிருந்து பிதுங்கி வரும் கலவை சரியாமல் நிற்க, வழக்கத்தைவிட அதிக சிமெண்ட் சேர்க்க வேண்டியிருக்கிறது. சுவர் மெலிந்து கலவை மிச்சமாவது உண்மைதான், ஆனாலும் 44 அப்படியே இருக்கிறது.

வெளியேறும் வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்துவிடுவது இரண்டாவது வழி. நார்வேயின் ப்ரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025-ல் தொடங்கிய ஏற்பாடு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலடிப் பாறைக்குள் செலுத்துவதற்கானது. அந்த ஆலை வெளியிடுவதில் அது ஏறக்குறையப் பாதி. நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சோடா உப்பாக மாற்றும் வேலை 2016-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் என்பது திட்டம். ஐஐடி காரக்பூரில் படித்த இரு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்தின் கரைப்பான் அது. அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. தூத்துக்குடியில் அது கட்டுபடியானதற்கு, அந்த ஆலைக்கே கார்பன் டை ஆக்சைடு மூலப்பொருளாகத் தேவைப்பட்டதுதான் காரணம். சிமெண்ட் ஆலைகள் வெளியிடும் அளவுக்கு உலகில் சோடா உப்பு விலை போகாது. புதைக்க வேண்டும், புதைப்பதற்கு யாராவது பணம் தர வேண்டும். பணக்கார நாடுகளில் இது முதலில் பரவும். இந்தியச் சிறு ஆலைகளுக்கு வர வெகுகாலம் ஆகும் என்பது என் கணிப்பு.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வழி, கிளிங்கரையே குறைப்பது. ஓரளவு ஏற்கெனவே நடக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட்தான் இன்று இந்தியாவில் அதிகம் விற்கிறது. ஆனால் நிலக்கரி மின்சாரம் குறையக் குறையச் சாம்பலும் குறையும். இரும்பாலைக் கசடும் அளவோடுதான் கிடைக்கிறது. தீர்ந்துபோகாத வேறொரு பொருள் வேண்டும். அது களிமண்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவில் பெர்னாண்டோ மார்ட்டிரேனா, டெல்லி, சென்னை, பம்பாய் ஐஐடிகளின் கட்டுமானப் பொருள் ஆய்வாளர்கள் எனப் பலரும் கூடி உருவாக்கியது எல்சி3 சிமெண்ட். நூறு பங்கில் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5. கயோலின் கலந்த களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் போதும். அப்போது அதிலிருந்து வெளியேறுவது நீராவி. களிமண்ணின் அலுமினாவும் கல்பொடியின் கார்பனேட்டும் சேர்ந்து புதிய படிகங்களை உண்டாக்கிச் சிமெண்டின் நுண்துளைகளை அடைக்கின்றன. அதனால் பாதிக் கிளிங்கரிலேயே வலு வந்துவிடுகிறது. அதே 50 கிலோ மூட்டையில் கல்லிலிருந்து வெளியேறும் வாயு 24 கிலோவிலிருந்து சுமார் 13 கிலோவாக இறங்குகிறது. எரிபொருளையும் சேர்த்தால் மொத்தத்தில் 40 சதவீதம் வரை மிச்சம். துளை அடைபடுவதால் உப்பு எளிதில் உள்ளே போகாது. தூத்துக்குடி, ராமேசுவரம் மாதிரிக் கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடிப்பதைத் தள்ளிப்போட இது பெரிய வரம். சிமெண்டுக்கு ஆகாதென்று சுரங்கத்தில் ஒதுக்கும் தரம் குறைந்த கல்லையும் இதில் சேர்க்கலாம்.

நம் மண்ணுக்கு இது புதிதல்ல. சுட்ட செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு கலக்கும் சுர்க்கிக் காரையும் சுட்ட களிமண்ணின் வேலைதான். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையைத் தாண்டி நிற்கும் முல்லைப் பெரியாறு அணையைப் பென்னிகுயிக் 1895-ல் முடித்தது சுண்ணாம்புச் சுர்க்கியில். எந்தக் களிமண்ணை எத்தனை டிகிரியில் சுட்டால் எந்தப் படிகம் வரும் என்பதை அன்று யாரும் அளந்து சொல்ல முடியவில்லை. இன்று முடிகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எல்சி3 கலவை தண்ணீரை அதிகம் கேட்கும், அதனால் வேதிச் சேர்மானம் வேண்டும். கியூரிங்கில் அலட்சியம் காட்டினால் பலன் குறையும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இதற்குள் சற்றுச் சீக்கிரம் ஊடுருவும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நிறம். இரும்புச்சத்துள்ள களிமண் சுட்டால் சிவக்கும், சிமெண்டும் சிவப்புச் சாயல் அடிக்கும். மூட்டையைப் பிரித்ததும் கொத்தனார், "என்ன அண்ணாச்சி, செம்மண்ணைக் கலந்து குடுத்துட்டானா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் அன்றே கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். கறுத்த சிமெண்ட்தான் கெட்டி என்ற நம்பிக்கை அத்தனை ஆழமானது. சூளைக்குள் ஆக்சிஜனைக் குறைத்து நிறத்தைச் சாம்பலாக்கும் வித்தை இருக்கிறது. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டை நம் கொத்தனார்கள் ஏற்கவே பல ஆண்டுகள் ஆயின. விஞ்ஞானிகள் எழுதும் எதிர்காலக் கட்டுரைகளில் கொத்தனாரைக் காணோம். மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிக்கப்போகிறவர் அவர்தான்.

அவரை நம்ப வைக்கும் வலு அரசிடம் இருக்கிறது. எல்சி3-க்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 18189, 2023-ல் வந்துவிட்டது. ஜான்சியில் பல ஆண்டுகளுக்கு முன்பே மாதிரி வீடு கட்டிப் பார்த்தாகிவிட்டது. சொந்தமாகச் சிமெண்ட் கழகம் வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. 2021-ல் 'வலிமை' என்ற பெயரில் புதிய சிமெண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே கழகம்தான். பள்ளிக்கூடம், சாலை, குடியிருப்பு என்று இங்கே பெருமளவு சிமெண்ட் வாங்குவதும் அரசுதான். தயாரிப்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் பரிசோதனைக்குத் துணிச்சல் வர வேண்டும். தனியார் ஆலை விற்காவிட்டால் என்ன செய்வது என்று பயப்படலாம். அரசு தன் கட்டடத்துக்குத் தானே வாங்கிக்கொள்ளலாம்.

ஈர முறைக் காலத்துச் சுழல் சூளைகள் கிளிங்கருக்குக் கட்டுபடியாகாமல் போனாலும், 800 டிகிரியில் களிமண் சுடுவதற்கு அவற்றைத் திருத்தி அமைக்க முடியும் என்று எல்சி3 ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண் இருக்கிறது. தென் மாவட்டங்களில் எங்கெங்கே எத்தனை தரத்தில் கயோலின் களிமண் இருக்கிறது என்று இதற்காகவே ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கண்மாய், குளம், விளைநிலம் எதிலும் கைவைக்காமல் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். ஆலங்குளம் மாதிரி, சிமெண்டை நம்பித் தலைமுறைகள் வாழ்ந்த ஊரின் பாலிடெக்னிக் மாணவர்களிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். மாதிரி எடுத்து, சுட்டு, கட்டையாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்துப் பார்க்க ஒரு சாதாரண பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடம் போதும்.