காடு காப்பவர்க்குக் கூலி கொடுப்பவர் யார்?

திருவரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள மேலூரில் 2015-ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. வனத்துறையின் பொறுப்பிலுள்ள அந்தச் சோலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பூச்சிகள் சிறகடிக்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்கிறோம், பிள்ளைகள் மகிழ்கின்றனர், மாலையில் இல்லம் திரும்புகிறோம். வாயிலில் நாம் கொடுக்கும் அச்சிறு தொகை யாரைச் சென்றடைய வேண்டும் என்று என்றேனும் எண்ணியதுண்டா?

எந்த இல்லமும் எப்போதோ வரும் நன்கொடையால் நடப்பதில்லை. மாதந்தோறும் வரும் வருவாயால் நடக்கிறது. காட்டின் நிலையும் அதுவே. திட்டப்பணம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். காவலும், தீத்தடுப்பும், காட்டோரத்து ஏழையின் பசியும் தீர்வதில்லை. நாம் பருகும் காவிரிநீர் குடகுமலையில் பிறந்து வருகிறது. மலைக்காட்டின் பயன் நமக்கு; யானை மிதித்த வாழையின் இழப்போ காட்டோரத்து உழவனுக்கு! இது நீதியாகுமா?

இக்கேள்விக்கு விடை தேடிய இடம் ஒன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்தால் வரும் தேக்கடியே அது. அங்குள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996-இல் உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்து விற்று, வழக்குகளுக்கு அஞ்சித் திரிந்த ஒரு குழுவினரை வனத்துறையினர் திருத்தி, காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினர். காட்டின் தடங்களை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? பயணிகள் செலுத்திய கட்டணத்திலிருந்து அவர்களுக்கு ஊதியம் கிடைத்தது. ஒரு பங்கு அவர்களது பொதுநிதியில் சேர்ந்தது.

2004-இல் அத்திட்டம் முடிந்தது. ஆனால் பணி நிற்கவில்லை. அவ்வாண்டே பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. பயணிகளின் நுழைவுக் கட்டணத்தோடு பெறப்படும் சிறு கூடுதல் தொகை அதற்குச் சேரலாயிற்று. 2006-இல் திருத்தப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் காப்பகங்களுக்கு இத்தகைய அறக்கட்டளைகள் அமைய வழிசெய்தது.

எனினும் நுழைவுச்சீட்டை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது காப்பகங்களின் வாயில்கள் அடைபட்டன; வருவாயும் அடைபட்டது. ஆகவே வருவாய்க்குப் பல வழிகள் வேண்டும். நல்ல ஆண்டுகளில் சேமிப்பும் வேண்டும். பணமே கைமாறாத வழியும் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பறவைகளைக் காத்து வருகின்றனர். அவை அஞ்சுமென்று வெடி கொளுத்துவதையும் தவிர்க்கின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. காப்பவர்க்குப் பயன் உண்டு. ஆதலால் காவலும் நிலைக்கிறது.

அடுத்தமுறை மேலூர் வாயிலில் நிற்கும்போது நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வோம்: இச்சீட்டு வேடிக்கைக்கான விலை மட்டுமன்று, காப்பவர்க்கு நாம் பட்டிருக்கும் கடனில் ஒரு சிறு தவணையும் ஆகும். அத்தவணை அவர்கள் கைக்கே போய்ச் சேருகிறதா என்று கேட்பதும் நம் கடமையே.