மழலையின் சொல்லும் அங்கன்வாடியின் செவியும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்துச் சிறுவன் ஒருவனின் பேச்சு மாநிலம் முழுவதும் பரவியது. அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று அவன் வீட்டில் சொன்னதைத் தாயார் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். குழந்தைகள் நலத்துறைக்கும் பொறுப்பு வகித்த அமைச்சர் வீணா ஜார்ஜ் அதற்கு மறுமொழி கூறினார். அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியான அங்கன்வாடி உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணியும் இடம்பெற்றது. பலரும் சிரித்து மகிழ்ந்த செய்திதான். ஆனால் எல்லையோரத்தில் பிள்ளை வளர்க்கும் எனக்கு அதில் வேறொன்று தென்பட்டது. அச்சிறுவனிடம் தன் மனக்குறையைச் சொல்லச் சொல் இருந்தது; அச்சொல் கேட்டவர்களுக்குப் புரிந்தும் இருந்தது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். சித்தூர் முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தையும், மற்ற இரண்டும் திருவிதாங்கூரையும் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது மூன்றும் அதில் இணைந்தன. வங்கிப் பணி என்னை முதலில் மூணாற்றுக்கும், பின்னர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்கும் கொண்டுவந்தது. என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. கடந்த ஜூனில் அங்கன்வாடியில் சேர்ந்தாள்.

முதல் வாரத்து அழுகை எல்லா வீட்டிலும் உள்ளதே. ஆனால் அழுகை நின்றபின் அவளிடம் வந்து சேர்ந்த மௌனம்தான் எங்களை யோசிக்க வைத்தது. வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை, அங்கே மூன்று வாரமாக ஒரு சொல்லும் பேசவில்லை என்று ஆசிரியை சொன்னார். அன்பான பெண்மணி அவர். ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். திரைப்படத் தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். மூன்று வயதுத் தமிழ் புரிவது வேறு கலை.

எண்ணிப் பாருங்கள். பிள்ளை தாகத்தோடு நிற்கிறாள். ஆசிரியை பரிவோடு, ‘வெள்ளம் வேணோ?’ என்று கேட்கிறார். மலையாளத்தில் அது குடிநீர். நமக்கோ ஆறு கரையை உடைத்துவருவது. பிள்ளை அழுதால் ‘கரையண்ட’ என்று தேற்றுகிறார். நம் செவியில் கரைவது காக்கைதான். ‘மூச்சா’ என்று மெல்லச் சொல்லும் பிள்ளை, யாரும் திரும்பாததால், ஆடையை நனைத்துவிட்டு வெட்கத்தோடு மூலையில் நிற்கிறாள். ‘உவ்வா’ என்றால் மட்டும் இரு மொழிக்காரரும் ஓடிவந்து காலைப் பார்க்கிறார்கள். சோறு இரண்டிலும் சோறுதான் என்பதும் ஓர் ஆறுதல்.

புதிய மொழிச் சூழலில் நுழையும் சிறுபிள்ளைகள் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பேசாதிருப்பதுண்டு என்று குழந்தைமொழி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது நோயன்று. செவி வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆயினும் அழாத பிள்ளையை ‘நன்றாகப் பழகிவிட்டாள்’ என்று கணக்கில் வரவு வைப்பதில் நான் சற்றுத் தயங்குவேன். அழுகின்ற பிள்ளைக்கு யாரேனும் கேட்பார்கள் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள். வசதிகள் குறைவாக இருக்கலாம். ஆனால் நான் பார்த்த காப்பகங்களில் ஆயாவும் அதே லயத்துத் தமிழ்ப் பெண்மணிதான். பிள்ளையின் பசியும் பிடிவாதமும் அவருக்குச் சொல்லாமலே விளங்கும். என் வாடிக்கையாளராக இருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், தம் பேரனை மலையடிவாரத்து ஆங்கிலப் பள்ளியின் மழலை வகுப்பில் சேர்த்தபோது, “பீஸ் கட்டிடலாம் சார், அவன் அங்க யார்கிட்டப் பேசுவான்?” என்று கேட்டார். கல்விச் செலவுக்கு எங்களிடம் பல திட்டங்கள் உண்டு. இக்கேள்விக்கு ஒரு படிவமும் இல்லை.

சட்டமும் இந்த வயதை எட்டவில்லை. 1956இல் அரசமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. ஆனால் தொடக்கக் கல்விக்கே அது பேசுகிறது. தேவிகுளத்திலும் சித்தூரிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அவற்றுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள்? 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளைதான் அங்கன்வாடி. ஊட்டச்சத்தே அன்றைய பெருங்கவலை. மொழி பின்னால் வந்த கேள்வி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வீட்டுமொழியை வற்புறுத்துகிறது. மூன்று வயதிலிருந்தே கல்வி தொடங்குகிறது என்றும் சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லையோர அங்கன்வாடிக்கு ஒரு வேலை இருக்கிறது.

மலையாளம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. என் கிளையில் பாதி நாள் மலையாளத்தில்தான் ஓடுகிறது. என் மகளும் அதைச் சரளமாகப் பேச வேண்டும். வீட்டுமொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும்படி ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நம் மலைகளுக்கு அண்டையிலுள்ள கொடைக்கானலில் தங்கியிருந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக விட்டால் சிறியவர் பெரியவரிடமிருந்து கற்பார்கள் என்பது அவர் முறையின் உயிர்நிலை. எங்கள் அங்கன்வாடியிலும் அதுவே நடந்தது. இரு மொழியும் அறிந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, யாரும் கேட்காமலே, என் மகளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள். “டீச்சர், அவளுக்கு மூத்ரம் ஒழிக்கணம்” என்று அவள் முதன்முறை சொன்னபோது ஆசிரியை சிரித்துவிட்டாராம்.

அச்சிறுமி அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். ஆகவே நானும் மனைவியும் ஒரு தாளில் பன்னிரண்டு சொற்களை எழுதினோம்: மூச்சா, தண்ணீர், தூக்கம், பயம், அம்மா எப்போ வருவா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மலையாள எழுத்தில் ஒலிப்பும் பொருளும். ஆசிரியை அதை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். உதவியாளர் அம்மா தமக்குத் தெரிந்த நான்கு சொற்களைத் தாமே அடியில் சேர்த்தார். ஓணம் விடுமுறைக்குப் பிறகு வேறு இரு வீட்டார் அதற்குப் படி கேட்டார்கள். அவர்களுள் ஒருவர் மலையாளி; பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையோடு விளையாடத் தம் மகனுக்கு அது வேண்டுமாம்.